தோள்வலி தீர்ந்த விதம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. இப்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரே குதூகலம். இந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, தப்பாக நினைக்காதீர்கள்.

நானும் தங்கச்சியும் சேர்ந்து சலவைக் கடை நடத்தினோம். அவள் வெளுப்பாள், நான் தேய்ப்பேன். கடைசியில் இஸ்திரிப் பெட்டிகளை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டுவதும் அவள்தான். தேய்த்துத் தேய்த்து என் வலது தோள் இறுகிப்போனது. தலை சீவக்கூடக் கை எழாது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம். யார்மேல் மனத்தாங்கலோ அவரை முன்னால் அழைத்து, அவர் செய்ததை எல்லார் காதிலும் விழச் சொல்லி, கையைப் பிடித்து ‘மன்னித்தேன்’ என்று சொல்ல வேண்டும். எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையைத் தங்கச்சி கட்டிக்கொண்டாள். அதைச் சொன்னேன், மன்னித்தேன். கூடமே மூக்கைச் சிந்தியது.

"அக்கா, உனக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று அவள் தேம்பினாள்.

என் கை தானாக மேலே போனது. காதைத் தாண்டிப் போனது, சார். வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனேன். வழியில் பஸ் கண்டக்டரையும் மன்னித்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான்.

ஒரே வாரத்தில் தோள் மறுபடி இறுகியது. மன்னிக்க ஏதாவது இருந்தால்தானே? தங்கச்சியோ தங்கமான பெண், தப்பே செய்யமாட்டாள். அவளுக்காக நான்தான் செய்ய வேண்டியிருந்தது. அவள் ஊறவைத்த ஆஸ்பத்திரிக் கோட்டுகளோடு சாயம் போகிற சிவப்புத் துணி ஒன்றைப் போட்டேன். பெரிய டாக்டர் ரோஸ் கலர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதையும் கூடத்தில் மன்னித்தேன். ஆனால் சின்னத் தப்புக்குக் கை பாதி வரைதான் எழுந்தது.

அப்புறம் ஒரு நாள் அவள் புருஷனுக்குக் காய்ச்சல். கடையின் பின்னறையில் படுத்திருந்தார். தூங்கட்டும் என்று பெட்டிகளை அணைத்து, வெளியே பூட்டிவிட்டு அவள் பழம் வாங்கப் போனாள். இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போய் ஒரு பெட்டியைச் சூடேற்றி, துணிக் குவியல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மறக்காமல் பூட்டிக்கொண்டு வந்தேன். அவர் உள்ளே இருந்தது தெரியுமா என்று கேட்கிறீர்கள். குறட்டை கேட்டது, சார். நல்ல தூக்கம், பாவம். எழுப்ப மனசு வரவில்லை.

"அணைச்சேன்னுதான் அக்கா நினைச்சேன். அணைக்கலையோ என்னவோ" என்று, அவர் காரியம் முடிந்த மறுநாள் கூடத்தில் என் காலில் விழுந்தாள். தூக்கி நிறுத்தி மன்னித்தேன். அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதே இல்லை. அன்றோடு வலி அடியோடு போய்விட்டது.

அவளுக்குத்தான் நிம்மதி இல்லை. சோறு இறங்கவில்லை. எந்த ஸ்விட்சைப் பார்த்தாலும் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். எனக்கு மட்டும் இவ்வளவு சந்தோஷமா என்று மனசு உறுத்தியது. யோசித்தால், அவளுக்கு மன்னிப்பதற்கென்று ஒன்றுமே இல்லை, அதுதான் குறை. கொடுக்க என்னிடம் ஒன்று இருந்ததே. நேற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப நீ மன்னிச்சேன்னு சொல்லு. அப்புறம் பாரு, மனசு எப்படிப் பறக்குதுன்னு."

"நீ செத்தாலும் சொல்லமாட்டேன்" என்றாள். கையை உருவிக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அவளை மட்டும் கடிந்துகொள்ளாதீர்கள், சார். அவள் மனசு அவ்வளவுதான். கூடப்பிறந்தவளிடம் இப்படிக் கல்நெஞ்சாக நடந்துகொண்டாளே என்று ராத்திரி கொஞ்சம் அழுதேன். விடிவதற்குள் அதையும் மன்னித்துவிட்டேன்.