அஞ்சு பட்டறைக்கும் பொதுக் காந்தம்

"...நாடு நாடா மந்திரிங்க வந்து கை கோத்துகினு போட்டோவுக்கு நின்னா காந்தம் வந்துடுமா ஜாய்சா? பேப்பர்ல பாத்தியா, ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் சிரிப்ப. ஒரு நாட்டுக்காரன் காந்தத்துக்கு மண்ணு தோண்டுவானாம், ஒருத்தன் அத்த சுத்தம் பண்ணுவானாம், இன்னொருத்தன் காந்தம் பண்ணுவானாம். அவசரம்னா பங்கு போட்டுக்குவாங்களாம். இன்னா பெரிய மனசு. ஊருக்குத் திரும்பினதும் அவனவன் குடோனுக்கு டபுள் பூட்டு..."

தாம்பரம் சானடோரியம் பின்சந்தில், தன் பட்டறையின் ஆபீஸ் அறையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். எதிரே பக்கத்துப் பட்டறை ஜாய்சன். இருவருக்குமே பேட்டரி ஸ்கூட்டர் மோட்டார்தான் தொழில். சீனாவிலிருந்து அதற்கான காந்தம் வருவது நின்றதும், அந்தச் சந்தின் ஐந்து பட்டறைக்காரர்களும், யாரிடம் சரக்கு இருந்தாலும் பங்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஜாய்சன் தன் கடைசிப் பெட்டியைப் பிரித்தபோது முதலில் கை நீட்டியவர் சம்பந்தம். இப்போது ஜாய்சனிடம் ஒன்றுமில்லை. இன்று கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை வரவேண்டாமென்று தன்னிடம் வேலை செய்யும் பெண்களிடம் சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்ல வாயெடுத்தான்.

"இரு, நான் சொல்றேன். சீனாக்காரன் கேக்குறான், இந்தக் காந்தம் எதுக்குன்னு எழுதிக் குடு, ஆயுதம் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போடுன்னு. என் மோட்டாரப் போட்ட வண்டி ரெண்டு பேரு குந்துனா வண்டலூர் பாலமே ஏறாது. அத்த வெச்சி நான் ராக்கெட்டா வுடப் போறேன்? நம்மாளுங்க மட்டும் லேசா? தெக்க கடக்கரை மண்ணுலயே இந்த சரக்கு கீதுன்னு எங்கப்பன் காலத்துலேர்ந்து சொல்லிகினு கீறானுங்க. மண்ணு கீது, காந்தம் எங்க? அத்தக் கேட்டுட்டு என் மச்சான் சிவகுமாரு, கோவளத்துல ரெண்டு சிமெண்ட் மூட்டை மணல அள்ளிகினு வூட்டுக்கு வந்துட்டான். இதுல காந்தம் எடு மாமான்றான். மீன் நாத்தம் அடிக்குது, ரெண்டு நண்டு வேற ஓடுது. என் பொஞ்சாதி கங்கம்மா என்ன நாலு நாளு தின்னுட்டா..."

ஜாய்சன் சிரிக்கவில்லை.

"நாம அப்டியா? அன்னிக்கு நீ பைபிள் மேல கை வெச்ச, நாங்க நாலு பேரும் கற்பூரத்த அணைச்சோம். கோட்டு சூட்டு போட்டவன் பேச்சு இல்ல இது, தொழில்காரன் பேச்சு. கீதுன்னா உனக்கு இல்லன்னு சொல்வனா? என் மிஷினும்தான் சும்மா கீது, போய்ப் பாரு. துடைச்சு வெச்ச மாதிரி காலி."

இந்த மனிதர் சரக்கைப் பதுக்கியிருப்பாரென்றா சந்தேகப்பட்டோம் என்று ஜாய்சனுக்கே கூச்சமாகிவிட்டது. கிளம்பலாமென்று, பட்டறைச் சாவிக்கொத்தைப் பிடித்திருந்த கையைப் பக்கத்திலிருந்த பீரோவில் ஊன்றி எழுந்தான். சாவிக்கொத்து அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு டக்கென்று பீரோவில் ஒட்டியது. இழுத்தான். பீரோக் கதவுதான் ஆடியது.

சம்பந்தம் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார்.

"அது... பழைய பீரோ ஜாய்சா. இழுக்காத, இழுக்காதன்றேன்ல. உள்ள ஆடுச்சின்னா மிச்சமும் நொறுங்கிடும்." பீரோக் கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "காந்தம் எல்லாம் சேந்து ஒரே கட்டியா பூடுச்சி. பெட்டியோட வெச்சா நீங்க யாருனா பாத்துடுவீங்கன்னு பெட்டியக் கொளுத்திட்டேன். நடுவுல பிளாஸ்டிக் தகடு வெச்சிருந்தான் பாரு, அத்தயும் எடுத்துட்டு அடுக்குனப்பதான் பீரோவுல அடங்குச்சு. இப்போ ஒண்ணு கூட பிரிஞ்சு வர மாட்டேன்னுது. உளி வெச்சித் தட்னேன், நாலு தூளாப் போச்சி, கட்டைவிரலு நசுங்கிப் போச்சி. நான் இன்னா சந்தோஷமாவா கீறேன்?"

ஜாய்சனின் கடைசிப் பெட்டியிலிருந்து போன பங்கும் இந்தக் கட்டிக்குள்தான் இருக்க வேண்டும். ஐந்து பட்டறைக்கும் மழைக்காலம் தாண்டியும் போதுமான சரக்கு. இனி யாருக்கும் உதவாது. சாவிக்கொத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தான்.

அவன் பட்டறையில் வேலை செய்யும் கிறிஸ்டினாவும் மற்றப் பெண்களும் வெறும் மேஜை முன் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

சந்தில் சம்பந்தத்தின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"அத்தினி பெரிய நாடுங்களே பேச்சக் காப்பாத்தல. நான் ஒருத்தன் காப்பாத்தி இன்னா ஆவப்போவுது, நீயே சொல்லு ஜாய்சா... ஜாய்சா?"