ஒன்றேகாலுக்குள் வரும் அன்பு

“ஹலோ... ஆ, நான்தான். சாப்பிட உக்காந்துட்டியா?... சரி, மென்னுக்கிட்டே கேளு. பொண்டாட்டிகிட்ட அன்பு காட்டறதுக்கு அடுத்தவன் வார்த்தையை இரவல் வாங்கறான் பாரு, அவனைவிடக் கேவலமான பிறவி இந்தப் பூமியில இதுவரைக்கும் பொறக்கல. இனிமேலும் பொறக்கப் போறதில்ல... கோபமெல்லாம் இல்லடி. உள்ளதைச் சொல்றேன்.”

இந்தத் தீர்ப்பை வழங்கியபோது அக்காவின் வலது கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசி இருந்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உலகத்துக்குத் தீர்ப்பு சொல்வது கடினம். அக்கா அதைச் சிரமமில்லாமல் செய்தாள்.

தங்கை வாஷிங் மெஷின் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். புகார் எழுதி அனுப்புகிறவர்களுக்குப் பதில் தட்டச்சு செய்யும் வேலை. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு இடைவேளை. அக்கா எப்போதும் மாலையில்தான் அழைப்பாள். இன்று கீழ்வீட்டு விஷயம் மாலை வரை தாங்காது என்று தோன்றிவிட்டது.

கீழ்வீட்டில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். இன்று அவர்களுக்குத் திருமண நாள். காலையில் டாக்டர் மனைவிக்கு எட்டு வரியில் ஒரு கவிதை அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய், கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடி ஒரு முறை படித்தபோதுதான், கவிதைக்கு மேலே பொடி எழுத்தில் ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று இருந்ததைக் கவனித்தாள். அழுதுகொண்டே மாடியேறி வந்தாள். அக்கா ஆறுதல் சொன்னாள். சொல்லும்போது தன் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியதையும் இப்போது தங்கையிடம் மறைக்காமல் சொன்னாள்.

“பாவம்தான்... பாவம்னுதானே நானும் சொல்றேன். ஆனா பாதி ஊர்ப் பொண்டாட்டிங்களுக்கு அதே கவிதை போயிருக்கு. எச்சில் தட்டுல சாப்பாடு போட்ட மாதிரி இல்ல?... ம்... ம்... உங்க மாமா அப்படி இல்லடி. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

மாமா என்பவர் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் வீட்டில் பயன்படுத்திய சொற்களை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். ‘ம்’, ‘சரி’, ‘பாக்கலாம்’, ‘சார்ஜர் எங்க’. எல்லாப் பேச்சையும் லிஃப்டுகளிடமே பேசித் தீர்த்துவிடுகிறார் என்று அக்கா ஒரு காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த வருஷத்திலிருந்து அது வேடிக்கையாக இல்லாமல் போனது என்று அவளுக்கு நினைவில்லை.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போய்விட்டால் எட்டரையிலிருந்து மூன்றரை வரை வீட்டில் அவள் ஒருத்திதான். அலமாரியை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தாள். சோபாவை ஜன்னலோரம் இழுத்தாள், சுவரோரம் தள்ளினாள், திரும்பவும் ஜன்னலோரம் இழுத்தாள். நான்காவது தடவை சோபாவின் கையைப் பிடித்தபோது, இடம் மாற வேண்டியது சோபா இல்லை என்று புரிந்தது.

ஏழு வாரங்களுக்கு முன் அவள் ஒரு சட்டம் போட்டாள். தினமும் ஆளுக்கொரு மெசேஜ். பிள்ளைகள், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடம் பற்றிப் பேச்சே கூடாது. மனசில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். காலையில் அவள் எழுதுவாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பதில் எழுத வேண்டும். முதல் வாரம் ஐந்து நாளும் ‘சரி’ என்று பதில் வந்தது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை அணை உடைந்தது.

“நேத்து வந்ததை உனக்கு இன்னும் படிக்கலையே, இரு... கேளேன்டி, ஏன் பறக்கறே. ‘உன் வருத்தம் எனக்கு நல்லாப் புரியுது. இவ்வளவு நாள் உன்னைக் காத்திருக்க வெச்சதுக்கு மன்னிச்சிடு. இனிமே இப்படி நடக்காமப் பாத்துக்கறது என் பொறுப்பு. நான் உனக்கு வேற ஏதாவது செய்யணுமா?’... எப்படி? அந்தக் கடைசிக் கேள்வி எப்படி?... இருமாதே. தண்ணி குடி முதல்ல.”

தங்கை தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அக்கா ஒரு சட்டைக் கையை மடித்து முடித்தாள். பிறகு மாமாவின் நேரந்தவறாமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. ஒரு மணிக்குக் குழியிலிருந்து ஏறி வந்ததும், கைகூடக் கழுவாமல் முதல் வேலையாக மனைவிக்கு எழுதுகிறார். ஒன்று பத்து, மிஞ்சிப்போனால் ஒன்றேகால். சனி, ஞாயிறு எழுதுவதில்லை. அந்த இரண்டு நாளும் நேரிலேயே இருக்கிறார். நேரில் இருக்கும்போது பழையபடி ‘ம்’தான் என்பது வேறு விஷயம். எழுத்தில் மனசைக் கொட்டுகிறவர்கள் நேரில் கூச்சப்படுவார்கள் என்று அக்கா முடிவுகட்டியிருந்தாள். ஒரு நாள் நன்றாக உடுத்திக்கொண்டு வாசல் கதவைத் தானே திறந்து நின்றாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, எங்காவது கிளம்புகிறாயா என்று கேட்டுவிட்டுச் சார்ஜரைத் தேடப் போனார். அதையும் அவள் கூச்சத்தில்தான் சேர்த்தாள்.

“இன்னிக்கு என்னமோ இன்னும் காணோம். மணி ஒண்ணு பதினேழு... இல்லடி, ஒரு நாள் தப்பினது கிடையாது... வரும், வரும். எங்க போயிடப் போகுது. நீ ஏன் வெச்சிடறேன், வெச்சிடறேன்னே சொல்றே? ஒன்றரை வரைக்கும் டைம் இருக்கே உனக்கு... சாப்பிட்டுக்கிட்டே கேளு. முந்தாநாள் வந்ததை நான் உனக்குப் படிக்கவே இல்ல. எனக்கே வெக்கமா இருந்துச்சு.”

முந்தாநாள் வந்தது அவர்கள் முதன்முதலில் சந்தித்த நாளைப் பற்றி. அக்காவும் தங்கையும் ஒரு கட்டிடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். விளக்கும் போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, மொட்டை மாடி மெஷின் ரூமிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்கைத்தான் அக்கா பிறகு கல்யாணம் செய்துகொண்டாள்.

“‘அன்னிக்கு இருட்டுல நீ பயந்துபோய் பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லிக்கிட்டே இருந்தே. பதினேழு எட்டுல வந்து வந்து நின்னுட்டே. அந்தக் குரல் இன்னும் என் காதுல கேக்குது.’ பாத்தியா. பதினாலு வருஷம்டி. பதினேழு எட்டுல நின்னது வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கார். அவ்வளவு உன்னிப்பா... மேல மெஷின் ரூம்ல இருந்துக்கிட்டே...”

அக்கா நிறுத்தினாள்.

“மெஷின் ரூம், நாம மாட்டின இடத்துக்கு ஒன்பது மாடி மேல இல்ல?”

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் சட்டை கருகியிருக்கும். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். கழுத்தை நேராக்கி, கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?... நான் சொன்னதில்லடி. யார்கிட்டயும் சொன்னதில்ல. உள்ள நீயும் நானும் மட்டும்தானே இருந்தோம்... ஏய். ஏன் பேச மாட்டேங்கறே?... லைன்ல இருக்கியா?... மூச்சு விடறது கேக்குது. பேசு.”

...

“நீயா.”

...

“எல்லாமே நீயா? அந்த முதல் வாரத்து ‘சரி’யைத் தவிர எல்லாமே?... ம்... ம்... அவர் கேட்டாரா, நீயா போய்ச் செஞ்சியா?... அவர் கேட்டார். சரி.”

அக்காவின் குரல் உயரவில்லை. கடைக்குப் போகும் முன் வாங்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பதுபோல நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“காலையில நான் எழுதறேன். அதை எடுத்து அவர் உனக்கு அனுப்பறார். ஒரு மணிக்கு நீ டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பதில் எழுதி அவருக்கு அனுப்பறே. அவர் அதை எடுத்து எனக்கு... ஓ. அப்படியே தள்ளிவிட்டா மேல பொடி எழுத்து விழும்னு, எடுத்து ஒட்டறதுக்கு நீதான் கத்துக்குடுத்தே. சரிதான். பல் டாக்டருக்கு உன்னை மாதிரி ஒரு மச்சினி இல்ல, அதான் மாட்டிக்கிட்டார்... இன்னிக்கு ஏன் வரலைன்னு இப்பத்தான் தெரியுது. எழுதற ஆளைத்தான் நான் பேசிப் பேசி உக்கார வெச்சிருக்கேனே.”

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தில் யாரோ ஒரு பாயை உதறினார்கள். அக்கா அது முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல வருத்தம். அப்புறம் மன்னிப்பு. அப்புறம் பொறுப்பு. கடைசியில வேற ஏதாவது செய்யணுமா. மெஷின்ல தண்ணி ஒழுகுதுன்னு எழுதறாங்களே, அவங்களுக்கு நீ எழுதறது இதுதானே?... கை பழகிடுச்சா. நல்லா இருக்குடி... சாயந்திரம் சாயந்திரம் உன்னைக் கூப்பிட்டு, உங்க மாமா இன்னிக்கு என்ன எழுதினார் தெரியுமான்னு படிச்சுக் காட்டினேனே. நீ எழுதினதையே உனக்கு. நீயும் கேட்டுட்டு, அடடான்னியே.”

அக்கா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி வைத்தாள்.

“மூணாவது வாரம் புதன்கிழமை நான் எழுதினதை... அதையும் படிச்சியா?”

அந்தப் புதன்கிழமை அவள் எழுதியது மூன்று வரி. ‘மூணு நாள் நான் காணாமப் போனா இந்த வீட்டுல முதல்ல யாருக்குத் தெரியும்னு யோசிச்சேன். மடிக்காத துணிக்கூடைக்குத்தான் தெரியும்னு தோணுச்சு. உங்களுக்கு எத்தனாவது நாள் தெரியும்?’ இதை எழுத ஒரு காலை முழுக்க ஆனது. அனுப்பிய பிறகு, கைபேசி இருந்த அறைக்குள்ளேயே அவள் போகவில்லை. அது ஒரே ஒரு மனிதருக்கு எழுதியது. அதை அலுவலகச் சாப்பாட்டு அறையில், நான்கு பேர் சிரித்துப் பேசும் மேஜையில், இன்னொருத்தி படித்திருக்கிறாள். அந்த இன்னொருத்தி கூடப் பிறந்தவள் என்பதால் வலி குறையும் என்று பார்த்தால், கூடியது.

“உன்கிட்ட சொல்லணும்னா உன்கிட்டயே சொல்லியிருப்பேனே. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவருக்கு எழுதினேன்... அழாதே. நானே அழல, நீ எதுக்கு அழறே... நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதே. வாய்பாடு நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தது. அதையும் எடுத்து வித்துட்டே... கேட்டுக்கோ. ஆறு வாரமா எனக்கு ஒரு புருஷன் கிடைச்சிருந்தார். இப்போ அவரும் இல்ல. தங்கச்சியும் இல்ல. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேர்.”

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். அது இப்போது ஜன்னலோரமும் இல்லாமல் சுவரோரமும் இல்லாமல் அறையின் நடுவில் கிடந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. பூசி மெழுகாம சொல்லு. எனக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவர் அதைப் படிச்சாரா?... உனக்கு எப்படித் தெரியும்?... மாத்தினாரா? என்னத்தை?... ‘கண்ணே’ன்னு நீ போட்டதை எடுத்துட்டார்... ஏன்?... நான் சிரிப்பேன்னாரா.”

உண்மையில் அவள் சிரித்திருப்பாள். அதை அவர் தெரிந்துவைத்திருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“அப்போ அவரா எழுதினது ஒண்ணுகூட இல்லையா? இத்தனை நாள்ல ஒண்ணு?... என்னிக்கு?... உனக்கு ஜுரம்னு படுத்துட்டியே, அன்னிக்கா... இரு. வெச்சிடாதே. பாக்கறேன்.”

ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு விரலால் மேலே மேலே தள்ளினாள். வருத்தங்கள், மன்னிப்புகள், பொறுப்புகள் எல்லாம் கீழே ஓடின. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை. ஒன்று நாற்பதுக்கு வந்திருந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் தாமதம் என்று அவள் கேட்கவில்லை.

‘பதினெட்டு மாடி பில்டிங். மொட்டை மாடிக்குப் போய்ப் பாத்தேன். நம்ம வீடு தெரியல. தண்ணி டாங்க் மறைக்குது.’

அதற்குக் கீழே அவளுடைய பதில் இருந்தது. ‘இதெல்லாம் ஒரு மெசேஜா? மனசு வெச்சு எழுதுங்க. நேத்து எழுதின மாதிரி.’

அதற்குக் கீழே அவர்: ‘சரி.’

மறுநாள் ஒன்று பத்துக்கு வழக்கம்போல வருத்தத்தோடு ஆரம்பித்திருந்தது.

அக்கா மூன்றையும் மறுபடி படித்தாள். வேலை நடுவில், சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒரு மனிதர் மொட்டை மாடி வரை ஏறியிருக்கிறார். எந்தப் பக்கம் வீடு என்று திசை பார்த்திருக்கிறார். தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கூடப் பார்த்திருப்பார். அவர் எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிடுகிறவர் இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

“...இருக்கேன்... ஆமா, அதான். பாத்துட்டேன்... மணி ஒண்ணு இருபத்தாறுதானே ஆகுது, இரு. உன்னை நான் மன்னிக்கல. அவரையும் இல்ல. அது தனி. சாயந்திரம் வரட்டும், நேர்ல கேக்கறேன். உன்னைக் கேக்கறதுக்குத் தனியா ஒரு நாள் வரேன்... ம்... தெரியும், தெரியும்.”

பேசிக்கொண்டே அந்த வியாழக்கிழமை மெசேஜின் மேல் விரலை வைத்து, பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தாள். ‘உங்க’ என்று அடித்தாள். அழித்தாள். ‘நான் அன்னிக்கு’ என்று அடித்தாள். அழித்தாள். ஏழு வாரமாகத் தினமும் காலையில் பத்து வரி எழுதியவளுக்கு இப்போது ஒன்றும் வரவில்லை. கடைசியில் ‘சரி’ என்று அடித்து, அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அழித்தாள்.

ஒலிபெருக்கியை அணைத்தாள். வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏய்... இதுக்கு என்ன எழுதறது?... சிரிக்காதே. வரலடி எனக்கு... நீயே சொல்லு... ம். மெதுவா சொல்லு, அடிக்கறேன். ‘இன்னிக்கு’... ம்... ‘எத்தனாவது மாடி’... அவ்வளவுதானா? மேல ஒண்ணும் வேண்டாமா?... சரி. சரி... கேள்விக்குறி உண்டா?... ம், போட்டுட்டேன். அனுப்பிட்டேன்... ஹலோ?... ஹலோ?”

மணி ஒன்றரை. இடைவேளை முடிந்திருந்தது.