ஒன்பது பேரும் ஒரு கல்லும்

இரவு ஏழு தாண்டியிருக்கும். பகோ மலைக்காட்டுக்குள் ஏறுகிற பழைய தேக்கு லாரிப் பாதை. இரண்டு பக்கமும் மூங்கில்… விளக்கை அணைத்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு வேன் போய்க்கொண்டிருக்கிறது.

இது நம் ஸமீராவின் பெரியம்மா மகன் ஜுல்ஃபிகருக்கு நடந்தது. ஸமீரா இன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்ல விடமாட்டாள். கரண்ட் வர இன்னும் நேரமாகும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நம் தாகேதாப் பேட்டையில் ஜுல்ஃபிகரைப் பலருக்குத் தெரியும். நல்ல காலத்தில் சனி ஞாயிறுகளில் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்க வைப்பான். அவன் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இடம் பிடிப்பதில்தான். முதல் திருப்பத்தில் நிறுத்தவே மாட்டான். எல்லாரும் நிறுத்துகிற இடம் அது. நடுவில் புல் மடங்காமல் நிற்கிற தடமாகப் பார்ப்பான். வண்டியை உள்ளே விடுமுன் இறங்கி நடந்து பார்ப்பான். தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் ஓடைப் படுகையில் படுக்கக் கூடாது. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கக் கூடாது. வண்டியின் முகம் எப்போதும் பாதையைப் பார்த்து நிற்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் பாதைக்குத் திரும்பி வந்து, நின்று, உற்றுப் பார்ப்பான். அடுப்பு வெளிச்சம் ஒரு பொட்டுத் தெரிந்தாலும் இடத்தை மாற்றிவிடுவான்.

அந்தக் காலம் போயிற்று. இப்போது அப்படி இடம் தேடுகிறவர்கள் வேறு ஆட்கள். வார்டில் சீட்டுக் குலுக்கிப் பர்மாப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை எடுக்க ஆரம்பித்த பிறகு, காட்டில் யாரும் விளையாட்டுக்குத் தங்குவதில்லை. அந்தக் குலுக்கலில் ஜுல்ஃபிகரின் தம்பி உதுமான் பெயரும் வந்தது. மீசை சரியாக முளைக்காத பையன்.

அவனை எல்லை தாண்டி அனுப்பிவிட வேண்டும். ஜுல்ஃபிகர் தன் தாய் சைதா உம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. மலைக்கு அந்தப் பக்கம் விடிகாலையில் ஒரு வண்டி வரும், கிழக்கே கொண்டுபோகும். அதுவரை ஓர் இரவு யார் கண்ணிலும் படாமல் கிடக்க வேண்டும். உதுமானைப் போலவே ஓடுகிற இன்னும் ஏழு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டான். சுற்றுலா போகிற கூட்டம்போல ஒரு கிட்டார், ஓர் அரிசி மூட்டை.

பாதி வழியில் பின்னாலிருந்து பூர்ணா குரல் கொடுத்தாள். தமிழ் அப்பா, பர்மியத் தாய். அடுத்த குலுக்கலில் பெண்களையும் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டவள். பர்மிய வழக்கப்படி அண்ணன்மார்களைக் ‘கோ’ போட்டுத்தான் கூப்பிடுவாள்.

“கோ ஜுல்ஃபி, வண்டிய நிறுத்துங்க. நாம ஒன்பது பேரு.”

“அதுக்கு?”

“ஒன்பது பேராக் காட்டுக்குள்ள போனா காடு ஒரு ஆளை வச்சுக்கும். நிறுத்துங்கன்னா!”

இங்கே வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒன்பது பேராகப் போனால் வழியில் ஒரு கல்லை எடுத்துப் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் வைப்பார்கள். ஊர் திரும்பும்வரை கூடவே வைத்திருப்பார்கள். ஜுல்ஃபிகருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நிறுத்தினான். பூர்ணா இறங்கி, பலாக்காய் பருமனுக்கு ஒரு கறுப்புக் கல்லைத் தூக்கி வந்தாள். ஈரமாக இருந்தது.

“இவரு பேரு கோ சௌக்,” என்றான் கிட்டாரோடு பின்னால் உட்கார்ந்திருந்த சந்திரமோகன். “பர்மாக்காரனுக்குச் சௌக், நமக்குக் கல்லு. கல்லண்ணே, வயசு என்ன ஆச்சு? முப்பத்தஞ்சுக்குள்ளன்னா வெளிய சொல்லாதீங்க. உங்களையும் புடிச்சிருவான்.”

வேன் முழுக்கச் சிரிப்பு. உதுமான்தான் அதிகம் சிரித்தான்.

ஜுல்ஃபிகர் பிடித்த இடம் அன்றைக்கும் அருமையான இடம். பாதையிலிருந்து மேலேறி வளைந்து போகிற தடம். மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு சிறிய மேடு, பக்கத்தில் ஓடை. சரிவான மண். வேனின் கைப்பிரேக் பழசு… அந்தக் கல்லையே எடுத்து முன்சக்கரத்துக்கு அடை வைத்தான்.

“அடப்பாவமே, ஆளை டயருக்கு அடியில வைக்கிறீங்களே!” என்றாள் பூர்ணா.

“கல்லு வேற எதுக்கு இருக்கு?”

எல்லாரும் சாப்பிடும்போது உதுமான் தன் சோற்றில் ஓர் உருண்டை எடுத்து, இலையில் வைத்து, அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். “நமக்காக வந்திருக்கு, காக்கா,” என்றான். அந்த வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்… லாரி. மூங்கில் நுனிகளில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர்கள் இருந்த திருப்பத்தைத் தாண்டி மேலே போய் நின்றது. இன்ஜின் அணைந்தது. பூட்ஸ் கால்கள் குதிக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அடுப்பில் மண்ணைப் போட்டார்கள். எல்லாரும் வேனுக்குள். ஜுல்ஃபிகர் ஓடைப் பக்கம் பார்த்து நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்தான். இருட்டிலிருந்து ஓர் உருவம் வந்தது. முன்கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. வேன் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஈர மண் வாடை. ஓடையிலிருந்து வருகிறான், அதனால்தான் என்று நினைத்தான்.

பின்னால் தலைகளை எண்ணினான். ஏழு. பக்கத்தில் தம்பி. தான். ஒன்பது.

கைப்பிரேக்கைத் தளர்த்தினான். இன்ஜின் போடாமலே வேன் சரிவில் உருண்டது. சக்கரத்தில் எதுவும் இடறவில்லை. அடை வைத்த கல்லை யாருமே எடுக்கவில்லை என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

பாதி இறங்கியிருப்பார்கள்… பின்னாலிருந்து ஒரு குரல்.

“காக்கா…”

ஜுல்ஃபிகரின் கால் பிரேக்குக்குப் போயிற்று.

“நிறுத்தாதீங்க,” பூர்ணா அவன் தோளைப் பிடித்தாள். “காட்டுல கூப்பிட்டா திரும்பக் கூடாது. தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்பிடும்.”

அவன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். உதுமானின் மூக்கு. உதுமானின் கழுத்து. நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் இங்கதான இருக்கேன்,” என்றது அது.

“காக்கா! நில்லுங்க காக்கா!”

இரண்டாவது தடவை அந்தக் குரலில் அழுகை இருந்தது. வெறுங்கால்கள் சருகை மிதித்து ஓடிவரும் சத்தமும். ஜுல்ஃபிகர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தான். வேன் வேகம் பிடித்தது. குரல் பின்தங்கி, தேய்ந்து… நின்றே போயிற்று.

வேறு பாதையில் சுற்றி மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். விடிகிற நேரத்தில் எல்லை வண்டி வந்தது. ஏழு பேரும் ஏறினார்கள். உதுமான் ஏறவில்லை.

“நான் ஊருக்கு வர்றேன்.”

“பைத்தியமாடா? போனா புடிச்சிருவான்.”

“நான் ஊருக்கு வர்றேன்.” அதே குரலில், அதே வார்த்தை. எல்லை வண்டி காத்திருக்கவில்லை.

தாகேதாவுக்கு வந்ததும் வார்டு ஆபீசுக்கு அவனாகவே நடந்துபோய் நின்றான். நல்ல பிள்ளை என்று முதுகில் தட்டினார்களாம். தட்டியவன் பிறகு கையை உதறிக்கொண்டே போனதைத் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள்.

ஜுல்ஃபிகர் அடுத்த நாளே அந்தக் காட்டுக்கு ஓடினான். இடத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு என்ன கஷ்டம்? மண் மூடிய அடுப்பு. தண்ணீர் கொட்டிக் கவிழ்ந்து கிடந்த குடம். வேன் டயர்த் தடத்தின் மேலேயே வெறுங்கால் தடங்கள், விரல் ஊன்றி ஓடிய தடங்கள், பாதைவரை போயிருந்தன. பாதையில் லாரி திரும்பிப் போன தடம். அதற்கு அப்புறம் எதுவும் இல்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தான்.

யாரிடம் போய்ச் சொல்வான்? தம்பியைக் காணவில்லை என்றா? தம்பி முகாமில் துப்பாக்கி பிடித்து நின்றுகொண்டிருக்கிறான். உம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்.

“உம்மா, போனது நம்ம உதுமான் இல்ல.”

“அனுப்பி வைக்கத் துப்பில்ல உனக்கு,” என்றாள் சைதா. “இப்ப அவன் என் புள்ளையே இல்லன்னு சொல்ல வந்துட்டியா? எந்திரிச்சுப் போ.”

பயிற்சி முடிந்ததும் ஓர் இரவு வீட்டுக்கு விட்டார்கள். யாருக்குமே கிடைக்காத லீவு. சொன்ன சொல் கேட்கிறான், எதற்கும் அசைவதில்லை என்று அதிகாரிகளுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியமாம். சைதா பிரியாணி போட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஹாலில் பாய் விரித்தாள். படுத்தான். இரவு முழுக்கப் புரளவே இல்லை. ஜுல்ஃபிகர் சுவரோடு சுவராக உட்கார்ந்து விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்… மூச்சு விடும் சத்தம் வரவில்லை.

விடியுமுன் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜுல்ஃபிகர் பாயை எடுத்தான்.

நான்காம் மாடி. சிமெண்ட் தரை. அதில் ஓர் ஆள் படுத்த அளவுக்கு ஈரம். அந்த ஈரத்தில், வெயிலே காணாத வெள்ளைப் புல், நூல் நூலாக, ஒரே பக்கமாக நசுங்கிப் படிந்திருந்தது. அடியிலிருந்து கண்ணில்லாத சிறு பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சி நாலாபுறமும் ஓடின.

பின்னால் உம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பூச்சிகள் அவள் கால்விரல்மேல் ஏறிப் போயின. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

துடைப்பத்தை எடுத்து வந்தாள். உட்கார்ந்து, பதறாமல், மூலைவரை கூட்டி அள்ளினாள். பாயை உதறிச் சுருட்டிப் பத்திரமாக அலமாரிக்குள் வைத்தாள்.

“அடுத்து எப்ப விடுவாங்கன்னு அவன்ட்ட கேட்டியா?” என்றாள்.