நாலாவது கூடாரம்

நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரை மணிதான். ஆனால் மலைக்கணவாய்க்குள் இருட்டு அதற்குள் இறங்கிவிட்டது. பதினெட்டு மைல் பாதை... நடுவில் ஒரு வீடு கிடையாது. குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. அந்தப் பாதையில் ஒற்றை ஆளாக நடந்துகொண்டிருந்தார் யெப்பே தோருப்.

என்னோடு கல் வெட்டுகிறானே சோரென், அவனுடைய சித்தப்பா இவர். அவன் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். கடைசிப் பகுதியை அவனே காதால் கேட்டவன். அடுப்பில் இன்னொரு கட்டை போடுங்கள், சொல்கிறேன்.

யெப்பேவுக்கு அறுபத்திரண்டு வயது. டென்மார்க்கிலிருந்து வந்தவர். எங்கள் சபை மான்டை ஊரில் கட்டிய ஆலயத்துக்குப் பதினோரு வருஷம் கல் செதுக்கியவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. இருமினால் எச்சில் வெள்ளையாக வரும். அந்த வருஷம்தான் ஆலயத்தைத் திறந்தார்கள். செத்துப்போன மனைவியையும் உயிரோடிருக்கும் கணவனையும் மறுமைக்கும் சேர்த்துக் கட்டும் சடங்கு அங்கே நடக்கும். அது நடக்காமல் செத்தால் அந்தப் பக்கத்திலும் தனிக்கட்டைதான். இந்தப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் தனியாக உலை வைத்துத் தனியாகத் தின்றது போதும் என்றிருந்தது அவருக்கு.

சடங்குக்கு விவரம் எழுதித் தரச் சொல்லி சபையின் பிஷப் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்திருந்தார். மனைவி பெயர்: மாரன் தோருப். செத்த தேதி... அந்த இடம் காலி.

தேதி அவருக்குத் தெரியாது. குடியேற வந்த கூட்டத்தோடு சமவெளியில் கைவண்டி இழுத்து வந்த அந்த வருஷத்தில் அவருக்கு எழுத்தே தெரியாது. அக்டோபரிலேயே பனி பிடித்துக்கொண்டது. மாவு தீர்ந்தது. மாரன் காய்ச்சலில் போய்விட்டாள். தரை இரும்பாக இறுகிக் கிடந்ததால் குழி தோண்ட முடியவில்லை. போர்வையில் சுற்றி, பனியைக் குவித்து மூடிவிட்டு வண்டியை இழுத்தார்கள். யாரோ ஒருவன் காட்டெருமை மண்டையோடு ஒன்றில் கரியால் பெயரும் தேதியும் எழுதித் தலைமாட்டில் வைத்தான். அவ்வளவுதான் அடக்கம்.

அவர்களுக்குப் பின்னால், ஒரு நாள் தொலைவில், மாட்டுவண்டிக் கூட்டம் ஒன்று வந்தது. அதில் வந்த ஏனோக் டனிக்ளிஃப் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதியவராம். வழியில் கண்ட கல்லறைகளைக்கூட விடவில்லையாம். அவர் இப்போது கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த நடை.

வழியெல்லாம் தன் பூட்ஸ் சத்தம் மட்டும். ஓரிடத்தில் நின்று பார்த்தார். அதுவும் இல்லை.

ஏழு மணிக்கு மேல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. விறகுப் புகை. ஆட்டுக்கொழுப்பு விளக்கின் நாற்றம். கதவைத் தட்டினார்.

"யாரது? ஆளா, கரடியா?"

"தோருப், பிரதர். மான்டையிலேருந்து வர்றேன்."

"கரடியா இருந்தா தோலாவது மிஞ்சும். சரி, உள்ள வா. கதவைச் சாத்து, இருக்கிற சூடும் ஓடிப்போயிடும்."

ஏனோக்குக்கு எண்பது வயது இருக்கும். இரண்டு கண்ணிலும் பால் விட்டதுபோல் திரை. விஷயத்தைக் கேட்டார். பேரைக் கேட்டார். மாரன் என்றதும் எழுந்து பெட்டியைத் துழாவித் தோல் அட்டை போட்ட சின்னப் புத்தகத்தை எடுத்தார்.

"எழுதின கண்ணு போயிடுச்சு. எழுதினது இருக்கு. உனக்குப் படிக்க வருமா?"

"நாப்பத்தஞ்சு வயசுல கத்துக்கிட்டேன். கொஞ்சம் மெதுவா வரும்."

"உங்க ஊர்க்காரனுங்களுக்குச் சிரிப்பே மெதுவாத்தான் வரும். படி, படி. அக்டோபரைப் பாரு."

யெப்பே விளக்கை இழுத்து வைத்துக்கொண்டார். தடித்த விரலை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் வைத்து, கல்லில் உளி நகர்த்துவதுபோல் நகர்த்தினார்.

'22. பனி நின்றது. முன்னால் போனவர்களின் மூன்று கல்லறைகளைக் கண்டோம். மூன்றாவதன் மண்டையோட்டில்: மாரன் தோருப், 21.'

இருபத்தொன்று. யெப்பேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சீட்டை எடுத்தார். பென்சில் முனையை நாக்கில் நனைத்தார்.

"கெடச்சுதுல்ல?" ஏனோக் கையை நீட்டினார். "புஸ்தகத்தை இப்படிக் குடு. ரொட்டி இருக்கு. பாகு இருக்கு. தின்னுட்டுப் படு."

"இருங்க பிரதர். அவ பேருக்குக் கீழ இன்னும் எழுதியிருக்கே."

"அது உனக்கு வேண்டாம்."

கிழவரின் குரல் மாறியிருந்தது. ஆனால் யெப்பேவின் விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

'அந்தக் குவியல் திறந்து கிடந்தது. ஓநாய் வேலை இல்லை. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் காலடித் தடம், ஒரு காலில் சாக்குத்துணி சுற்றியது, கைவண்டிகளின் சக்கரத் தடத்திலேயே மேற்கே போகிறது.'

'23. தடம் இன்னும் எங்களுக்கு முன்னால் போகிறது. முன்கூட்டத்தார் மூட்டிய நெருப்பின் சாம்பலருகே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள்.'

'24. தடம் மட்டும். ஆளைக் காணோம்.'

யெப்பே மூச்சு வாங்கிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார்.

'25, காலை. முன்கூட்டத்தை எட்டிவிட்டோம். ராத்திரி ஒரு பெண் வந்தாளா என்று கேட்டோம். யாரும் வரவில்லை என்றார்கள். தடம் நாலாவது கூடாரத்து வாசலில் முடிகிறது. திரும்பிப் போன தடம் இல்லை. வாசல் துணியை உள்ளிருந்து கட்டியிருந்தார்கள். இரண்டு முடிச்சு.'

அடுப்பில் கட்டை ஒன்று படீரென்று வெடித்தது.

"நாலாவது கூடாரத்துல எத்தனை பேர்?" என்றார் ஏனோக்.

"பதினாறு பேர்."

"வாசலை ஒட்டிப் படுத்தது?"

யெப்பே புத்தகத்தை மூடி வைத்தார்.

"நான்தான்."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. துணியை நகத்தால சுரண்டுற மாதிரி... ஓநாய்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

யெப்பே விளக்கைத் தள்ளி வைத்தார். "...இல்ல. அவதான்னு தெரிஞ்சுது. சுரண்டுறதுலயே தெரிஞ்சுது. செத்தவ வந்து நிக்கிறான்னு பயந்துட்டேன், பிரதர். ஒரு முடிச்சுதான் இருந்துச்சு. மேல இன்னொண்ணு போட்டேன்."

ஏனோக் கையால் தடவி அவருடைய தோளைக் கண்டுபிடித்தார். "இருபத்தொண்ணுன்னே எழுதிக்கோப்பா. மண்டையோட்டுல அதுதான் இருந்துச்சு. யாரும் பொய்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கு மேல அவ உயிரோட நடந்தாளா, எப்படி நடந்தா... உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

யெப்பே சீட்டில் இரண்டை எழுதினார். பென்சில் அங்கேயே நின்றது. பிறகு நாலை எழுதினார், அவள் வாசலுக்கு வந்து சுரண்டிய ராத்திரியை.

மறுநாள் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார். இருமல் முற்றிவிட்டது என்று அன்றிரவு துணைக்குச் சோரென் வந்திருந்தான். ஒரே அறை. மரக்கட்டைச் சுவர். ஒரே கதவு, தெற்கே பார்த்தது. யெப்பே அந்தக் கதவை அகலத் திறந்து, அசையாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"சித்தப்பா, பைத்தியமா உங்களுக்கு? மூக்கு உறைஞ்சு கீழ விழுந்துடும்!"

"விழுந்தா காலையில பொறுக்கிக்கலாம்டா. படு."

பனி பெய்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. நடுராத்திரி இருக்கும்... வடக்குச் சுவரில் ஒரு சத்தம். சரக்... சரக்... சோரென் எழுந்து உட்கார்ந்தான். அது கட்டையில் நகம் பட்ட சத்தம் இல்லையாம். நனைந்த துணியில் நகம் பட்ட சத்தமாம். ஈரக் கம்பளி நாற்றமும் பழைய சாம்பல் நாற்றமும் உள்ளே வந்தன.

"மாரன்," என்றார் யெப்பே. "தெறந்துதான் இருக்கு. வா."

சத்தம் நகர்ந்தது. வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு. மெல்ல, தடவித் தடவி, சாண் சாணாக. தெற்கே திரும்பியது. கதவை நெருங்கியது... நின்றது.

சோரென் திறந்த வாசலையே பார்த்தான்.

கதவுக்கு அந்தப் பக்கச் சுவரில் மறுபடி தொடங்கியது.

வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுவராக. ஒவ்வொரு கட்டையாக. யெப்பே விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றார். கையை வெளியே நீட்டினார். "இங்க, மாரன். இங்கதான். நான் நிக்கிறேன் பாரு."

சத்தம் சுற்றிக்கொண்டு வந்தது. அவருடைய இடது தோள் வரைக்கும் வந்தது. நின்றது. விளக்குச் சுடர் ஆடக்கூட இல்லை. ஓரடி எடுத்து வைக்கும் நேரம்... இரண்டடி எடுத்து வைக்கும் நேரம்... வலது தோளுக்கு அப்பால் சுவரைச் சுரண்டத் தொடங்கியது.

விடியும் வரைக்கும் அப்படித்தான். எண்ணிப் பார்த்தேன் என்றான் சோரென். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும்தான் சத்தம் விட்டுப்போனது. சரியாக ஒரு கதவின் அகலத்துக்கு.