பெரியவனுக்கு வலது கண்ணு

எம் பையனுக்கு ஒரு கண்ணு போயிருச்சுன்னு எங்கிட்ட மொதல்ல சொன்னது ராயம்மாள்தானுங்க. போன ஞாயித்துக்கெழமை மத்தியானம். கொழம்பு தாளிச்சுக்கிட்டு இருக்கறேன், வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, "எப்படிக்கா தாங்கிக்கிட்டே?"ன்னு முந்தானையில மூக்கச் சிந்தறா. எதைத் தாங்கறதுன்னு கேட்டனுங்க. "எங்கிட்டயே மறைக்கறியே. கடத்தூரு கோயில்ல பூசையிலயே சொல்லிட்டாங்க, உன்ற மூத்த பையனுக்கு வலது கண்ணு போச்சாமே!"ங்கறா.

கரண்டிய அப்படியே போட்டுட்டு ஓடுனேன். எம் பையன் சவரி கட்டல்ல படுத்துப் பேப்பரு படிச்சுக்கிட்டு இருக்கறான். அவன் தலைய ரெண்டு கையாலயும் புடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தனுங்க. ரெண்டு கண்ணும் வெச்ச எடத்துல அப்படியே இருக்குது. "இது எத்தினி வெரலு, சொல்லுடா"ங்கறேன். "அம்மா, கொழம்பு கருகுது"ங்கறான். கண்ணு மட்டுமில்லீங்க, மூக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

ராயம்மாளும் பின்னாடியே வந்து எட்டிப் பார்த்தா. பார்த்துட்டும் நம்பலியே! "இப்பல்லாம் கண்ணாடியில செஞ்சு வெக்கறாங்களாம்க்கா, அசலு மாதிரியே இருக்குதாம். இதுல எதுக்கா புதுசு?"ங்கறா. என்ன சொல்ல... சே, பொறணி பேசக் கூடாது. மாதாவே, மன்னிச்சுக்க. நல்லவதானுங்க ராயம்மாள். வாயி ஒண்ணுதான்...

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க அம்மிணி, பஸ்ஸு குலுங்கறப்பெல்லாம் அந்தக் கூடை உங்க கால இடிக்குது பாருங்க. ஆங், அப்படி. நீங்களும் கடத்தூருதானா? நல்லதாப் போச்சு.

நான் ஏன் பயந்தேன்னா, கடத்தூர்லதான் சவரிக்குப் பொண்ணு பேசி வெச்சிருக்குது. தெரசான்னு பேரு. டீச்சருக்குப் படிச்ச புள்ள, மரியாதையான புள்ள. ஓலை வாசிக்கறது ஒண்ணுதான் பாக்கி. ஓலைன்னா உங்களுக்குத் தெரியாதில்ல... எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி, இன்னாரு மகன் இன்னாரு மகளைக் கட்டப் போறான், தடை இருந்தாச் சொல்லுங்கன்னு பூசையில வாசிப்பாங்க. அதுக்குப் பேரு ஓலை. எங்க கதையப் பாருங்க, ஓலைய வாசிக்கறதுக்கு முந்தி அதே கோயில்ல கண்ண வாசிச்சுட்டாங்க!

எப்படியா? அதத்தானே சொல்ல வர்றேன். எங்க வூட்டுல ஒரு காரு இருக்குதுங்க. லேண்ட்மாஸ்டரு. பழசுதான். எங்க வூட்டுக்காரரு வாங்கி வாடகைக்கு ஓட்டறாரு. ஒகேனக்கல் பார்க்க வர்றவங்க, பொண்ணழைப்பு, பிரசவம், எல்லாத்துக்கும் அந்தக் காருதான். அது வந்த அன்னிக்கே இவரு சொல்லிட்டாரு, "இனிமே இதுதான் இந்த வூட்டுக்குப் பெரியவன். எவன் சம்பாதிச்சுப் போடறானோ அவந்தான் பெரியவன்"னு. சவரிக்கு அப்ப மீசை மொளைச்சாச்சு, கோவிச்சுக்கிட்டு ரெண்டு வேளை சாப்புடல. அன்னியில இருந்து எங்க வூட்டுல பெரியவன்னா காருதான். "பெரியவனுக்குத் தண்ணி ஊத்துனியா?" "பெரியவனுக்கு மூச்சு வாங்குது." "பெரியவனைப் பின்னாடியிருந்து தள்ளுங்கடா." எங்க தெருவே பழகிப் போச்சு. அந்தப் பெரியவனுக்குத்தான் வலது பக்கத்து லைட்டு போயிருச்சு. லைட்டுன்னா நாம சொல்றோம்? காரு கண்ணுன்னுதானுங்களே சொல்றோம்?

பென்னாகரத்துல இருந்து பொழுது சாஞ்சு வர்றப்பப் போச்சாம். எதுக்க வந்த மாட்டு வண்டிக்காரரு, ஒத்த வெளிச்சம்தானே, ஏதோ மோட்டாரு சைக்கிளாட்டம் இருக்குதுன்னு நடு ரோட்டுலயே வந்துட்டாரு. பக்கத்துல வந்த பெறகுதான் பார்த்தா, பாதி காரு இருட்டுக்குள்ள இருக்குது! மாடு ரெண்டும் கரும்புக்காட்டுக்குள்ள எறங்கிருச்சு.

பல்பு ஒண்ணு. அவ்வளவுதானே? மெக்கானிக்குகிட்ட வுடுங்கன்னு தன்மையாத்தான் சொன்னேன். "வூட்டுல பல்பு போனா மெக்கானிக்கா வர்றான்? ஸ்டூலு போட்டு ஏறி நானே மாத்தல? இதுக்கு ஸ்டூலு கூட வேண்டாம்"ங்கறாரு. ஆனா அந்தப் பல்பு தர்மபுரியில எந்தக் கடையிலயும் இல்ல. சேலத்துக்குச் சொல்லி வுட்டுட்டு, வருமா வராதான்னு வூட்டுக்கும் வாசலுக்கும் நடக்கறாரு. சோறு எறங்கல. எனக்கு மனசு கேக்குமா?

சனிக்கெழமை கோயிலுக்குப் போனப்ப புதுச் சாமியாருகிட்டச் சொன்னேன். தெக்கத்திக்காரரு, சின்ன வயசு, வந்து பத்து நாளு கூட ஆகல. "சாமி, எங்க பெரியவனுக்கு வலது கண்ணு போச்சுங்க. சேலத்துல இருந்து புதுக் கண்ணு வரணும். பூசையில மன்றாட்டு சொல்றப்ப இதையும் சேர்த்துச் சொல்லுங்க"ன்னேன். அவரு அப்படியே என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாருங்க. "எவ்வளவு தைரியமா இருக்கியம்மா"ன்னாரு. ஒரு பல்புக்கு இத்தினி உருகறாரே, எப்பேர்ப்பட்ட சாமியாரு நமக்கு வந்திருக்காருன்னு நான் சந்தோசமா வூட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாளு அவரு கடத்தூருக் கோயிலுக்குப் பூசை வெக்கப் போயிருக்காரு. பீடத்துல நின்னு, எங்க வூட்டுக்காரரு பேரச் சொல்லி, மூத்த மகன்னு அவராவே சேர்த்துக்கிட்டு, கண்ணிழந்த அந்த வாலிபனுக்காக எல்லாரும் முழங்கால் போடுங்கன்னு சொல்லியிருக்காரு. முன்னெல்லாம் பூசை லத்தீன்லதானுங்க இருந்துச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாது. எத்தினி நிம்மதி! இப்ப எல்லாம் தமிழு. முழங்கால் போட்டதுல தெரசாவும் அவ அப்பாவும் கூட இருந்திருக்காங்க.

பொண்ணோட அப்பாரு அருள்சாமி அன்னிக்குச் சாயங்காலமே ஆளு அனுப்பிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழமை பையனை நேர்ல கூட்டிட்டு வரணும், வரலேன்னா இந்தப் பேச்சை இத்தோட வுட்டுரலாம்னு. அந்தப் புள்ள என்ன சொல்லுச்சாம் தெரியுங்களா? "கண்ணு ஒண்ணு இல்லாட்டியும் எனக்குப் பரவாயில்ல. மறைச்சாங்களே, அதுதான் மனசுக்கு ஒப்பல"ன்னுச்சாம். கேட்டுட்டு நான் அழுதுட்டேன் அம்மிணி. இப்படி ஒரு மருமக எனக்கு எங்க கெடைக்கும்? சவரியும் அன்னிக்கு ராத்திரி சோத்துல கை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான்.

எங்க வூட்டுக்காரரு ஒரு ரோசனை சொன்னாரு. "புதுக் கண்ணை மாட்டி, பெரியவனையே ஓட்டிட்டுப் போயி அவங்க வாசல்ல நிறுத்தறேன். இவந்தாங்க பெரியவன், நல்லாப் பார்த்துக்குங்கன்னு சொல்றேன்"னாரு. நல்ல ரோசனைதான். புதன்கெழமை சேலம் பஸ்ஸுல பல்பு வந்துச்சு, பஞ்சுல சுத்தி, முட்டையாட்டம்.

லைட்டச் சுத்தி வெள்ளியாட்டம் ஒரு வளையம். அதுக்கு அடியில ஒரே ஒரு திருகாணி, துருப்புடிச்சுக் கெடக்குது. மண்ணெண்ணெய் ஊத்துனாரு. தட்டுனாரு. என்ற அருவாமணையத் தூக்கிட்டுப் போயி அது மூக்கால நெம்புனாரு. திருகாணி துள்ளி விழுந்துச்சு, எங்க சேவலு ஓடியாந்து கொத்தி முழுங்கிருச்சு. சேவலைக் கூடைக்குள்ள கவுத்து வெச்சுக் காவலு காத்தோம். அதுக்கு ஒண்ணும் ஆகலீங்க, கூவறப்பதான் கொஞ்சம் கரகரன்னு இருக்குது. வளையத்தக் கயிறு போட்டுக் கட்டியாச்சு.

உள்ள ஒரு கிண்ணம் இருக்குதுங்க, பல்பு அதுக்கு நடுவுல நிக்கும். "இதத் தொடாதே"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு இவரு கை கழுவப் போனாரு. நான் என்னத்தப் பண்ணிப்புட்டேன்? கிண்ணம் மங்கலா இருந்துச்சு. சம்பந்தி வூட்டுக்குப் போற சாமான். புளியும் சாம்பலும் வெச்சு நாலு தேய்ப்பு தேய்ச்சேன். என்ற கையி பட்டா எந்தப் பித்தளையும் தங்கமாட்டம் ஆகும், எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. இது என்னடான்னா, பளபளப்பு பூராவும் சாம்பலோட கையில வந்துருச்சு! அடியில கருத்த தகரம். இப்படி மேலாப்புல பூசியிருப்பாங்கன்னு யாரு கண்டா? காரு செஞ்சவனுக்கு அவ்வளவு கஞ்சத்தனம். இவரு வந்து பார்த்தாரு. திட்டக் கூட இல்ல. மண்ணுல உக்காந்துட்டாரு. "அன்னிக்குப் போனது பல்பு. இன்னிக்குத்தான் கண்ணு போச்சு"ன்னாரு. அப்பறம் பொட்டிக்கடையில சிகரெட்டுப் பொட்டி வெள்ளித்தாளா வாங்கியாந்து, கஞ்சிப் பசை வெச்சு ஒட்டி, பல்ப மாட்டுனாரு.

எரிஞ்சுதுங்க! சேசுவுக்குத் தோத்திரம் சொன்னேன். ஆனா ரோட்டுல எறங்குன பெறகு, குழியில எறங்குனா அணையுது, மேட்டுல ஏறுனா எரியுது. மூடி மூடி முழிக்குது. வெள்ளிக்கெழமை காத்தால ராயம்மாள் வந்து நிக்கறா. "அக்கா, உன்ற பெரியவன் கடைத்தெருவுல பொம்பளைங்களப் பார்த்துக் கண்ணடிக்கறானாமே!"

யாரைப் பார்த்து? தெரசாவோட அத்தை குள்ளம்மாளைப் பார்த்து! அந்தம்மா சாயங்காலம் தர்மபுரியில பஸ்ஸுக்கு நின்னிருக்காங்க. எங்க காரு ஒரு பள்ளத்துல எறங்கியிருக்குது. பூக்காரி பாஞ்சாலி எங்க தெருக்காரி, சும்மா இருக்காம, "பெரியவன் உங்களப் பார்த்துக் கண்ணடிக்கறான், போங்க"ன்னு சிரிச்சிருக்கா. எந்தப் பெரியவன், யாரு மகன்னு வெசாரிச்சுட்டு அந்தம்மா நேரா ஊருக்குப் போயி, இருக்கறது ஒத்தக் கண்ணு, அதையும் சும்மா வெச்சிருக்க மாட்டேங்கறான்னு சொல்லிட்டாங்க!

கண்ணடிக்கறத நிறுத்திட்டுத்தான் மறுவேலைன்னு நேத்து இவரு எல்லாத்தையும் திருப்பிப் பிரிச்சாரு. சவரி பக்கத்துல குனிஞ்சு புடிச்சுக்கிட்டான். நான் செபமாலை சொல்லிக்கிட்டு நிக்கறேன். உள்ள ஒரு ஸ்பிரிங்கு இருக்குதுங்க, பொல்லாதது. "விடாதடா, விடாதடா"ன்னு இவரு கத்தறாரு. புள்ளைக்கு வெரலெல்லாம் செவந்து போச்சு. பெத்த மனசு பொறுக்குமா? "கை வலிக்கும், விடு கண்ணு"ன்னேன். அவன் சின்னதுல இருந்து என்ற பேச்சைத் தட்டாத புள்ள. விட்டுட்டான்.

வேற எங்க படும்? வலது கண்ணுலதான்.

டாக்டரு பார்த்தாருங்க. கண்ணுக்குள்ள ஒண்ணும் இல்ல, மேல்வீக்கம்தான், நாலஞ்சு நாள்ல வத்திரும்னாரு. மாதா காப்பாத்திட்டாங்க. ஆனா இன்னிக்குக் கத்திரிக்காயாட்டம் வீங்கி மூடிக் கெடக்குதே! பின்னாடி, ஆம்பளைங்க சீட்டுல, சன்னலோரமா வெளிய பார்த்துக்கிட்டு இருக்கறான் பாருங்க, அவன்தான் சவரி. ஐயோ, அப்படித் திரும்பாதீங்க, வெக்கப்படுவான். காரு வாசல்ல பிரிச்சபடிக்குக் கெடக்குது, இவரு அதுக்குப் பக்கத்துல கெடக்கறாரு. அதான் நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல.

போகலேன்னா சம்பந்தம் போச்சு. போனா இந்தக் கோலம். கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, நல்லா இருக்குதுன்னு உங்களுக்குக் காட்டத்தான் காரு கண்ணை மாத்துனோம், அதுல இந்தக் கண்ணு போச்சுன்னு நான் சொன்னா, யாரு நம்புவாங்க? நீங்க நம்பறீங்களா? ...ஏன் எந்திரிக்கறீங்க? கடத்தூரு இன்னும் வரல, இது ஒடசல்பட்டிதான். உக்காருங்க, உக்காருங்க.

எனக்குப் பொய் சொல்ல வாயி வராதுங்க. உங்களையும் சொல்லச் சொல்ல மாட்டேன். நல்லா ரோசிச்சுப் பார்த்துட்டேன். அவங்க வூட்டுல பாய் விரிச்சு உக்கார வெப்பாங்க. சவரிக்கு இடது பக்கம் நான் இருப்பேன். வலது பக்கம் ஒருத்தரு இருந்தா, அவரு பக்கமாத் திரும்பிப் பேசிக்கிட்டு இருக்கற மாதிரி உக்காந்துக்குவான். எதுக்கால இருக்கறவங்களுக்கு நல்ல கண்ணு மட்டும்தான் தெரியும். நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஏறுனதுல இருந்து பார்க்கறேன், உங்களாட்டம் பொறுமையாக் கேக்கறவங்க எனக்கு வாச்சதே இல்ல. ஒரு காப்பி குடிக்கற நேரம்தான் அம்மிணி... எங்ககூட வந்து, எம் பையனுக்கு வலது பக்கமா உக்காருங்க.