சாம்பிராணிப் புகையும் சறுக்காத பிள்ளையும்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் பெரியவர் பெரியண்ணன் அவர்களே! பாப்பிரெட்டிப்பட்டியின் பண்பார்ந்த பெரியோர்களே! வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பாறைக்கு அனுப்பிவிட்டு, இன்று நிம்மதியாக மூச்சுவிட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மஞ்சள் மண்டி மதியழகனின் மனமார்ந்த வணக்கம்!

கோப்பை வென்றவருக்கு விழா எடுப்பார்கள். கோப்பையை விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு நாம் விழா எடுக்கிறோம். ஏன்? சொல்கிறேன்.

கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் ஏறும் விளையாட்டைக் கல்லூரியில் கற்றவள் ஹீனா, என் நண்பர் மெத்தைக்கடை அன்வர் பாஷாவின் மகள். அவளைப் பார்த்து என் மகள் பிரியதர்ஷினியும் நச்சரித்தாள். "மொதல்ல ஹீனா பத்திரமா வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். ஆக, ஹீனா கலந்துகொண்ட பாறையேற்றப் போட்டியன்று ஒரே கயிற்றில் இரண்டு வீட்டின் உயிரும் தொங்கியது!

சித்தேரி மலையடிவாரம். கூட்டமோ கூட்டம். அன்வர் பாஷா என்ன செய்தார்? வண்டி நிறைய இலவம்பஞ்சு மெத்தைகளைக் கொண்டுவந்து பாறையடியில் விரித்தார்!

"பாய், கயிறு இருக்குதுங்களே, மெத்தை எதுக்குங்க?" என்றார் பயிற்சியாளர் வெண்மதி.

"கயிறு உங்க தைரியத்துக்கு, மெத்தை என் தைரியத்துக்குங்க!"

சிரிக்காதீர்கள்! பெற்றவருக்குத்தானே தெரியும் அந்தப் பதைப்பு?

அத்தோடு நின்றாரா? கடை திறந்ததும் சாம்பிராணி போட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்குவார். மகள் பாதிப் பாறை ஏறியதும் மனம் கேட்காமல், அங்கேயும் தூபக்காலில் கங்கு மூட்டி ஓதத் தொடங்கினார். அருகே அவர் மனைவி ஹாஜிரா அம்மையார் கண்மூடி நின்றார். என்ன, விசிறியது யார் என்றா கேட்கிறீர்கள்? என் மனைவி கண்ணம்மாள்தான், ஐயா! முறத்தால் விசிறினார்!

புகை எழுந்தது. பொங்கி எழுந்தது. பாறை இடுக்கில் தன் பாட்டுக்கு இருந்த தேன்கூட்டைப் போய்த் தொட்டது! தேனீக்கள் கலையத் தொடங்கின. கீழே இருந்த எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. "ஏறு, ஏறு! இன்னும் கொஞ்சந்தான்!" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

ஹீனா பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் உச்சி, உச்சியில் வெற்றி. அவள் ஏறினாளா? பதறினாளா? இல்லை. அமைதியாகக் கையை அசைத்து, கீழே கயிற்றைப் பிடித்திருந்த வெண்மதியிடம், "அக்கா, என்னை இறக்குங்க!" என்றாள்.

ஊரே "ஏறு" என்றபோது அவள் இறங்கினாள். கால் தரையில் பட்டதும் சொன்னாள்: "அப்பா, அந்தப் புகைய அணைங்க! எல்லாரும் வண்டிக்கு ஓடுங்க!"

ஓடினோம். ஓட முடியாதவர்கள் மெத்தைக்கு அடியில் நுழைந்தார்கள். மகளுக்காக விரித்த மெத்தைக்கு அடியில் முதலில் நுழைந்தவர், இதோ, மேடையில் வெட்கத்தோடு சிரிக்கிறாரே அன்வர் பாஷா, அவரேதான்! ஆளுக்கு ஒரு கொட்டு, இரண்டு கொட்டு. அவ்வளவோடு போயிற்று. மகளைக் கட்டிக்கொண்டு அழுத ஹாஜிரா அம்மையாரைப் பார்த்து நானும் அழுதேன்.

"கோப்பை போச்சேம்மா" என்றார் அன்வர் பாஷா.

"பாறை இங்கேயேதானே இருக்கும்ப்பா, இன்னொரு நாள் ஏறிக்கறேன்."

பெற்றோர்களே! ஆபத்தே இல்லாத விளையாட்டைத் தேடினால், பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்துத்தான் பூட்ட வேண்டும். கயிற்றைப் பாருங்கள், பாறையைப் பாருங்கள், பழக்குபவரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'என் பிள்ளைக்கு இறங்கத் தெரியுமா?' என்று பாருங்கள்! ஏறும் வேகம் வயதில் வரும். கைதட்டலை உதறிவிட்டு இறங்கும் தெளிவு இருக்கிறதே, அதைக் கண்ட அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்!

பிரியதர்ஷினி, எங்கே இருக்கிறாய்? எழுந்திரு! இந்த அவையறியச் சொல்கிறேன்: நாளை முதல் நீயும் போ! ஹீனாவிடம் முதலில் இறங்கக் கற்றுக்கொள், பிறகு ஏறு!

அன்வர் பாஷா, மெத்தையை மட்டும் கொண்டு வாருங்கள், எனக்கும் ஓரிடம் வேண்டும். சாம்பிராணி கடையிலேயே இருக்கட்டும்! காது கொடுத்த அனைவருக்கும் கைகூப்பி நன்றி. வணக்கம்!