பொட்டு வைத்த படம்

தனுஷியா: …அதில்லையடா தம்பி. கம்சிகா கேக்கிறாள், அம்மம்மா ஏன் அமெரிக்காவிலை நிக்கிறா எண்டு.

கீர்த்தனன்: உன்ரை மகளுக்கு விசர். அம்மான்ரை திவசத்தண்டைக்கு இதென்ன கதை? படையலுக்கு நேரமாகுது அக்கா, இலையை எடு.

தனுஷியா: இஞ்சை பார். அவளின்ரை ஹிஸ்டரிப் புத்தகம்.

கீர்த்தனன்: கையெல்லாம் வடை உழுந்து… பிறகு பாப்பம்.

தனுஷியா: இப்ப பார்.

கீர்த்தனன்: …ஆரோ வெள்ளைக்காரி.

தனுஷியா: ஓம். கூடார வாசலிலை நிக்கிறா. அதே நெத்திச் சுருக்கம், அதே வளைஞ்ச விரல். சுவரிலை மாலை போட்டு வைச்சிருக்கிற எங்கடை அம்மாவும் கூடார வாசலிலைதானே நிக்கிறா?

கீர்த்தனன்: கூடாரம் எங்கையும் கூடாரம்தானே.

தனுஷியா: கீழை எழுதிக் கிடக்கு, கேள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறு, கலிபோர்னியா. தங்கடை ஊரிலை மழையில்லாமல் தோட்டமெல்லாம் புழுதியாப் பறந்ததாம். பாங்க் காணியைப் பிடிச்சுதாம், ட்ராக்டர் வந்து குத்தகைக்காரரைக் கலைச்சுதாம். சட்டிபானையைக் காரிலை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பழம் பிடுங்கப் போன சனமாம். அரசாங்கமே ஆள் அனுப்பிப் படம் எடுப்பிச்சிருக்கு… இவவின்ரை பேரைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை.

கீர்த்தனன்: எங்கடை சனத்தைப் போலத்தான்…

தனுஷியா: கதையை மாத்தாதை. தொண்ணூற்றைஞ்சு யாழ்ப்பாண இடம்பெயர்விலை, காய்ச்சலிலை கிடந்து செத்த மனுசியை ஆரடா படமெடுத்தது?

கீர்த்தனன்: ஊராள் ஒருத்தர் தந்தவர் எண்டு அப்பவே சொன்னனானெல்லே…

தனுஷியா: எந்த ஊராள்? பேரைச் சொல்லு.

கீர்த்தனன்: …இஞ்சை லண்டனிலை, வால்தம்ஸ்டோ சந்தையிலை வாங்கினனான். பக்கத்துத் தெருவிலை ஒரு ஸ்டூடியோக்காரனிட்டைக் குடுத்துப் பொட்டு வைப்பிச்சன், சீலைத் தலைப்புப் போடுவிச்சன். அம்மா போகேக்கை எனக்கு மூண்டு வயசக்கா! எல்லாற்றை வீட்டுச் சுவரிலையும் ஒரு முகம் இருக்கு. எனக்கும் ஒண்டு வேணும் போலை இருந்தது.

தனுஷியா: எனக்கு அண்டைக்கே தெரியும்.

கீர்த்தனன்: என்ன?

தனுஷியா: அம்மா போகேக்கை எனக்குப் பதினொரு வயசு. பெத்தவளின்ரை முகம் தெரியாதே? நீ அந்தப் படத்துக்கு முன்னாலை விழுந்து அம்மா, அம்மா எண்டு அழுதாய். எந்த வாயாலை சொல்லுறது? நானும் விளக்கைக் கொளுத்தினன்.

கீர்த்தனன்: பன்ரண்டு வருசமா…

தனுஷியா: அதுக்குத் தண்டனைதான் இது. இப்ப அம்மான்ரை முகம் எனக்கு வருகுதேயில்லை. கண்ணை மூடினால் இவதான். கனவிலையும் இவதான்.

கீர்த்தனன்: கனவிலை… என்ன செய்யிறா?

தனுஷியா: குனிஞ்சு, தன்ரை ரெண்டு பக்கமும் தடவித் தடவித் தேடுறா. என்னத்தை எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு. புத்தகத்திலை வடிவாப் பார். பாவாடையைப் பிடிச்சபடி ஒரு பெட்டை, ஒரு பொடியன். நீ வாங்கேக்கை அதுகளும் படத்திலை நிண்டதுகளோ?

கீர்த்தனன்: நிண்டதுகள். நான்தான் வெட்டச் சொன்னனான்.

தனுஷியா: ஐயோ… தம்பி, உன்ரை கனவிலையும் வாறவவோ?

கீர்த்தனன்: ஒவ்வொரு திவசத்துக்கும் வாறா அக்கா. என்ரை நாடியைப் பிடிச்சு நிமித்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, முகத்தைப் பாக்கிறா. பாத்திட்டு… இவனில்லை எண்டு தலையாட்டிப்போட்டுப் போறா.